கேற்றுக்கு வந்த கஞ்சி

இத்ரூஸ் நானாவின் வலது காலைச் சீனி வருத்தம் முழங்காலோடு கொண்டுபோயிருந்தது. மனைவி மௌத்தாகிப் போய்ச் சேர்ந்துவிட்டாள்; மகள் அம்றா கத்தாரில். வருஷம் முழுக்கச் சுவரைப் பார்த்துக் கிடந்தவருக்கு நோன்பு மாதம் வந்தால்தான் உயிர் வரும். பின்னேரம் அஸர் தொழுததும் பள்ளி முற்றத்தில் நோன்பு திறக்கக் கஞ்சி பங்கிடுவார்கள். ஊன்றுகோலோடு சரிவில் இறங்கிப்போய், சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், மிளகு விலையில் தொடங்கி ஊர் வம்பு வரைக்கும் பழைய கூட்டாளி புஹாரியோடு வாய்ச்சண்டைதான். கஞ்சி சும்மா ஒரு சாட்டு.

இந்த முறை பள்ளி நிர்வாகத்துக்கு நல்ல புத்தி வந்துவிட்டது. முதல் நோன்பன்றே நிர்வாகத்து இளைஞன் அன்ஸார் ஒலிபெருக்கியில் அறிவித்தான்.

"ஏலாதவங்க யாரும் சிரமப்பட்டு வரத் தேவல்ல. இத்ரூஸ் நானா, நீங்க வீட்டிலேயே இருங்க. கஞ்சி தேடி வரும்."

ஊரே மாஷா அல்லாஹ் என்றது. இத்ரூஸ் மட்டும் கையிலெடுத்த சட்டியைத் திரும்ப வைத்தார். மைக்கில் பேர் சொல்லி வராதே என்ற பிறகு எந்த முகத்தோடு போவது?

கஞ்சி வந்தது; ஆள் வரவில்லை. கேற்றில் பையைக் கொழுவி, ஹோனை அடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் பறந்துவிடும். அவர் கோலை ஊன்றி வாசலுக்கு வரும்போது புகைதான் மிச்சம். பாவம், அன்ஸாருக்கு இன்னும் எத்தனையோ வீடு. நல்லவன்தான். நல்லவனோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

ஒரு வாரம் பொறுத்தார். பிறகு ஒருநாள் வெறும் சட்டியோடு சரிவில் இறங்கினார். முற்றத்தில் அதே கூட்டம். தூரத்திலிருந்தே புஹாரி கையைத் தூக்கினார். இத்ரூஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குள் அன்ஸார் ஓடிவந்தான்.

"என்ன நானா, இந்தக் காலோட? அனுப்புற கஞ்சி உங்களுக்குக் காணாதா? ஒரு ஃபோன் கோல் எடுத்திருந்தா கொண்டாந்து தந்திருப்பேனே!"

கஞ்சிக்கு வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். எல்லோரும் அவருடைய சட்டியையே பார்த்தார்கள். பேச ஆளில்லாமல் தவிக்கிறேன் என்று ஊர் நடுவில் எந்த ஆம்பிளை சொல்வான்?

"ஓ... கொஞ்சம் காணாதுதான்" என்றார்.

சட்டி நிறைந்தது. அவர் வீட்டைத் தாண்டி யட்டவத்தப் பக்கம் போன த்ரீவீல் ஓட்டோவை மறித்து, அன்ஸாரே அவரைப் பத்திரமாக ஏற்றி அனுப்பினான். புஹாரியோடு ஒரு வார்த்தை பேசக் கிடைக்கவில்லை.

மறுநாள் ஹோன் சத்தம் கேட்டதும் விழுந்தடித்து வாசலுக்கு வந்தார். பாதையில் ஒருவரும் இல்லை. கேற்றில் இரண்டு பைகள் தொங்கின.