பூண்டுக்கு என் கட்டைவிரல் இல்லை

என் வலது கைக் கட்டைவிரல் எனக்குச் சொந்தம். இதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. எனக்கே போன மாதம்தான் தெரிந்தது.

நான் காஜா எடுப்பவள். கோட்டில் பொத்தான் நுழையும் துளையைச் சுற்றி ஊசியால் நெருக்கமாகத் தையல் போட்டு விளிம்பு கட்டுவதற்குத்தான் காஜா என்று பெயர். மெஷினில் அரை நிமிடத்தில் முடிகிற வேலைதான். ஆனால் எங்கள் மாஸ்டர், கோட்டுக்கு மெஷின் காஜா என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வாரத்துக்கு ஆறேழு கோட்டுகள் துணிப்பையில் என் வீட்டுக்கு வந்துவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பேன். ஒவ்வொரு தையலிலும் ஒரு குட்டி முடிச்சு விழும். அது விளிம்பின் மேல் சரியாக உட்கார வேண்டும். அதை உட்கார வைப்பது ஊசியில்லை, கட்டைவிரல்தான்.

அதே கட்டைவிரல்தான் இந்த வீட்டில் பூண்டும் உரித்துக்கொண்டிருந்தது. நகத்தால் தோலைக் கீறி, பல்லைப் பிதுக்கி, கல் உரலில் போட்டு, குழவியைக் கெட்டியாகப் பிடித்து நசுக்குவது. பருப்பானாலும் கீரையானாலும் வேளைக்கு ஒரு முழுப் பூண்டு. வீட்டில் இருப்பது மூன்றே பேர்: நான், என் கணவர், அவருடைய அக்கா. அந்த அக்காவுக்கு நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் ஜட்ஜம்மா. நேரில் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். தட்டில் வைத்த எதையும் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அடுத்த வாய்க்குப் போவார். அவர் நாக்கு பொய் சொல்லாது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

ஒரு நாள் ஊசி என் விரலிலிருந்து தானாக நழுவியது. மறுபடி எடுத்தேன், மறுபடி நழுவியது. கட்டைவிரலின் அடியில் யாரோ நெருப்புக் குச்சியை வைத்தது போல் சுள்ளென்றது. கணவரோடு டாக்டரிடம் போனேன். அவர் விரலைத் திருப்பி, அமுக்கி, நான் கத்தியதைக் கேட்டுத் தலையாட்டினார்.

"அடி மூட்டு தேய ஆரம்பிச்சிருக்கும்மா. பூண்டு உரிச்சு இடிக்கிறதும் சரி, ஊசி பிடிக்கிறதும் சரி, ரெண்டு பாரமும் இங்கதான் விழுது. ஏதாவது ஒண்ணை விட்டே ஆகணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் சொன்னார்: "அப்ப தையலை விட்டுடு."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மழை வரும் போலிருக்கு, குடையை எடுத்துக்கோ என்பாரே, அதே குரல். இரண்டையும் எடை போட்டுப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். அவர் எடையே போடவில்லை. ஒரு பக்கம் என் இருபத்திரண்டு வருஷ வேலை, இன்னொரு பக்கம் பூண்டு. யோசிக்க ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டார். வாசலைத் தாண்டி விறுவிறுவென்று முன்னால் நடந்தேன். விரல் வலி என்று நினைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தார், பாவம்.

மறுநாளே கடைக்குப் போய் ஒரு பூண்டு நசுக்கி வாங்கினேன், துளை போட்ட குட்டிக் கிண்ணத்தில் பூண்டைப் போட்டுக் கைப்பிடியால் அமுக்குகிற சாமான். மிக்ஸி இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: எட்டுப் பல் பூண்டை மிக்ஸியில் போட்டால் பிளேடு ஒரு பக்கம் சுற்றும், பூண்டு சுவரில் ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். வேளைக்கு ஒரு தரம் அதை வழித்து, கழுவி, துடைத்து... வேண்டாம்.

அவசரத்தில் பளபளப்பைப் பார்த்து வாங்கினேன். ஒரு கோட்டுத் துணியைத் தொட்டுப் பார்க்காமல் வாங்குவேனா? மாட்டேன். இதை அப்படித்தான் வாங்கினேன், புத்தியைக் கழற்றி வைத்துவிட்டு. கைப்பிடி விரல் நீளம்தான் இருந்தது. அமுக்க அமுக்கப் பூண்டு அசையவில்லை, என் மூட்டுதான் அசைந்தது. மூன்றாம் நாள் கீல் வளைந்துகொண்டது. இடிக்கிற வலிக்கு மேல் இரண்டு பங்கு வலி.

"நான் சொன்னேன்ல?" என்றார் ஜட்ஜம்மா. அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அப்படித்தான் சொன்னார்.

"சரி, போனது போகட்டும்," என்றார் கணவர். "மாஸ்டர்கிட்ட நான் வேணா பேசுறேன். வேற ஆள் பார்த்துக்கச் சொல்லலாம்."

"நீங்க பேச வேண்டாம்," என்றேன். அன்று மாலையே, ஒரு முழுப் பூண்டை முந்தானையில் முடிந்துகொண்டு பெரிய பாத்திரக் கடைக்குப் போனேன்.

கண்ணாடியை நெற்றியில் தூக்கி வைத்திருந்த கடைக்காரர், கேட்டவுடன் ஆறு பூண்டு நசுக்கிகளை எடுத்து வரிசையாக வைத்தார். நான் பூண்டை அவிழ்த்து, ஒரு பல்லைத் தோலோடு முதல் நசுக்கியில் போட்டு அமுக்கினேன். அவருக்குக் கண்ணாடி தானாகவே மூக்குக்கு இறங்கிவிட்டது.

"என்னம்மா இது, கடைக்குள்ளேயே சமைக்கிறீங்க?"

"சமைக்கல. போட்டுப் பார்க்கிறேன்."

"பாத்திரத்தை யாரும்மா போட்டுப் பார்ப்பாங்க?"

"கோட்டைப் போட்டுப் பார்க்காம யாரும் வாங்கறதில்லையே. இது என் கைக்கு வாங்குற கோட்டு. எனக்கு இறுக்கமா இருந்தா நீங்களா வந்து வலியை வாங்கிப்பீங்க?"

முதலாவதில் கீல் ஆடியது. இரண்டாவதில் அமுக்குகிற தட்டு கிண்ணத்தை விடச் சின்னது, பூண்டு கீழே இறங்காமல் ஓரம் வழியாக மேலே ஏறிக் கைப்பிடிக்கு வந்தது. மூன்றாவதில் துளைகள் பெரிது, நசுங்காமல் துண்டு துண்டாக விழுந்தது. நான்காவதற்குக் கைப்பிடி வழவழவென்று கையை விட்டு ஓடியது. கடைக்குள் வந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள். கடைக்காரர் மின்விசிறியை வேகமாக வைத்தார், வாடை தெரு வரை போயிருக்கும்.

ஐந்தாவது கனமாக இருந்தது. நீளமான எஃகுக் கைப்பிடிகள். தட்டு கிண்ணத்துக்குள் இம்மி இடைவெளி விடாமல் இறங்கியது. முக்கியமாக, அதைப் பிடிக்கக் கட்டைவிரல் வேண்டாம். உள்ளங்கையும் மற்ற நாலு விரல்களும் போதும். அமுக்கினேன். புழு புழுவாகப் பூண்டு வெளியே வந்தது, தோல் உள்ளேயே தங்கிவிட்டது. இடது கையால் அமுக்கிப் பார்த்தேன், அதற்கும் வந்தது. கடை நடுவில் நின்று சிரித்துவிட்டேன்.

"இதேதான் எனக்கும் ஒண்ணு," என்றாள் நின்று பார்த்த பெண்களில் ஒருத்தி. அதற்குப் பிறகு கடைக்காரர் எனக்கு உட்கார ஸ்டூல் போட்டார்.

வீட்டில் அதற்கு ஓர் இடம் கொடுத்தேன், அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டாவது இழுப்பறை. நசுக்கினதும் காயவிடாமல் தண்ணீரில் காட்டி, தோலைத் தட்டிவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துளைகளை ஒரு தேய். அரை நிமிடம். விரலுக்கு ஓய்வு கிடைத்தது, ஊசி நழுவுவது குறைந்தது. நான்காம் நாள் ஒரு கோட்டின் காலர்க் காஜாவை நடுவில் எழுந்திருக்காமல் முடித்தேன்.

அன்றைக்கே ஜட்ஜம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "ருசி மாறிப்போச்சு."

"எல்லாம் மனப்பிராந்தி அண்ணி."

"என் நாக்குக்கா மனப்பிராந்தி? இடிச்சது வேற, இது வேற."

என் கணவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பஸ் டிப்போவில் வண்டி நேரம் குறிப்பவர் அவர். எதையும் தீர்மானமாகக் குறித்துவிட வேண்டும். "பந்தயம் வச்சுப் பார்த்துடலாம்," என்றார். "ரெண்டு கிண்ணம் கீரை. ஒண்ணுல இடிச்ச பூண்டு, ஒண்ணுல நசுக்கினது. அக்கா சரியாச் சொல்லிட்டா இது வீட்டை விட்டுப் போகணும்."

"யாரு இடிக்கிறது?" என்றேன்.

அவர் அதை யோசித்திருக்கவில்லை. உரலைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். முதல் குத்திலேயே ஒரு பல் தப்பித்து அலமாரிக்கு அடியில் போய்விட்டது. தோல் கண்ணிமையில் ஒட்டியது. கால் மணி நேரம் ஆயிற்று. நான் உதவவில்லை, உதவ ஆசையும் இல்லை.

இரண்டு கிண்ணங்களும் வந்தன. ஜட்ஜம்மா கண்ணை மூடினார். ஒரு வாய், ஒரு மிடறு தண்ணீர், இன்னொரு வாய்.

"இது மெஷினு," என்றார் இடது கிண்ணத்தைத் தொட்டு. "இதுல காரம் முன்னாடி வந்து நிக்குது. அதுல மெதுவா, பின்னாடி வருது."

சரியாகச் சொல்லிவிட்டார். நான்தான் முன்னே சொன்னேனே, அந்த நாக்கு பொய் சொல்லாது. நானும் இரண்டையும் ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். வித்தியாசம் இருந்தது. மனப்பிராந்தி என்று நான் சொன்னதுதான் தப்பு.

"தீர்ப்பு வந்தாச்சு!" என்று கணவர் மேசையைத் தட்டினார்.

இங்கே நான் தலை குனிந்திருக்க வேண்டும். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். ஆனால் பந்தயம் கட்டியது அவர். நான் கீரை வேகவைத்தேன், அவ்வளவுதான்.

"அண்ணி சொன்னது நூத்துக்கு நூறு சரி," என்றேன். "ரெண்டும் ஒண்ணில்ல. இடிச்சதுதான் நல்லாயிருக்குன்னே வச்சுப்போம். அதுக்காக என் விரலைக் கொடுக்க முடியாது. உரல் அதோ இருக்கு. இந்த வீட்டுல ஆறு கை இருக்கு, அதுல ஒரு கைதான் வேலைநிறுத்தம். மிச்சம் அஞ்சும் சும்மாதானே இருக்கு?"

ஜட்ஜம்மா என்னைப் பார்த்தார். தீர்ப்பு எதுவும் சொல்லாமல் அடுத்த வாய்க்குப் போனார். அவரிடமிருந்து அது பெரிய விஷயம்.

"நானே இடிக்கிறேன்," என்றார் கணவர். "இது என்ன பெரிய வித்தையா?"

இடித்தார். அதற்காக மெச்சத்தான் வேண்டும். தினமும் காலையில் டிப்போவுக்குக் கிளம்பும் முன் உட்கார்ந்து, உரித்து, இடித்துவிட்டுப் போனார். சமையலறைத் தரை முழுக்கப் பூண்டுத் தோல் பறந்தது. நான் ஜன்னலோரம் என் காஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் மதியம் டிப்போவிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர், வலது மணிக்கட்டை இடது கையால் பிசைந்துகொண்டே சொன்னார்: "சுளீர்னு இழுக்குது. நேத்து கிளப்புல ஸ்ட்ரைக்கரே சரியாப் போகல. விளிம்புல நின்ன சிவப்புக் காயை விட்டுட்டேன், எல்லாரும் சிரிச்சானுங்க."

அவர் மாலை தவறாமல் கேரம் ஆடுகிறவர். நாலு கோப்பைகள் அலமாரியில் இருக்கின்றன, நான்தான் துடைக்கிறேன்.

"அப்ப கேரமை விட்டுடுங்க," என்றேன்.

குரலை உயர்த்தவில்லை. குடையை எடுத்துக்கோங்க என்கிற குரல்தான்.

அவர் பிசைவதை நிறுத்தினார். "அதெப்படி விட முடியும்? இருபது வருஷமா ஆடிட்டு..." என்று ஆரம்பித்து, பாதியில் என் முகத்தைப் பார்த்தார். டாக்டர் அறையில் தான் சொன்னது அவருக்கு அப்போதுதான் காதில் விழுந்தது என்று நினைக்கிறேன்.

"இருபத்திரண்டு," என்றேன் என் கட்டைவிரலைக் காட்டி.

ஜட்ஜம்மா தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"டேய், அவ கேக்குறாள்ல? பதில் சொல்லு."

என் கணவர் சாப்பிட்டு முடித்தார், கை கழுவினார், சமையலறைக்குள் போனார். ராத்திரிக்கு வேண்டிய கீரையை அங்கே ஆய்ந்து வைத்திருந்தேன். இரண்டாவது இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது.

"தோலோடவா போடணும்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தோலோடதான். முடிச்சதும் உடனே கழுவிடுங்க, காஞ்சா துளை அடைச்சுக்கும்."

தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, பிரஷ்ஷால் தேய்க்கும் சத்தமும் கேட்டது. சாயங்காலம் அவர் கேரம் ஆடப் போனார், நான் காஜா எடுத்தேன். ராத்திரி கீரையில் காரம் முன்னாடி வந்து நின்றது. ஜட்ஜம்மா அதைச் சொன்னார். சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி கேட்டார்.