நாலாவது எலுமிச்சம்பழம்

சென்னிமலை முருகன் சாட்சி. இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், எழுதிய கை இனி ஒரு இட்லியைப் பிட்டு வாயில் வைக்கக்கூடாது.

2006ஆம் வருடத்து ஆயுத பூசை. முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி நடத்தும் மயில்சாமி, அக்கா மகள் ஜெயசுதாவின் விமானத்துக்குப் பூசை போட்டார். அவள் வெகுகாலம் சரக்கு விமானங்களில் ஃப்ளைட் இன்ஜினியராக இருந்து, இன்ஜின்களின் இருமலையும் தும்மலையும் கேட்டவள். இப்போது சொந்தமாக ஒரு குட்டி விமானம் வாங்கி வானத்தில் கரணம் அடித்துக் காட்டுகிறாள்.

வாகனம் என்றால் மயில்சாமிக்கு நான்கு எலுமிச்சம்பழம். விமானத்துக்கோ மூன்றே சக்கரம். மூன்று பழம் நசுங்கியது. பூசையில் வைத்த நாலாவதை வீசி எறியலாமா? வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"மாமா, மடியில இருக்கறதயெல்லாம் எடுத்து வெச்சுட்டு ஏறுங்க. ஒரு பொத்தான் உருண்டாக்கூட ஆபத்துங்க."

சாவிக்கொத்து, மூக்குப்பொடி டப்பா எல்லாம் இறங்கின. சாமி பழம் அந்தக் கணக்கில் வராது என்று நினைத்து, அவள் முதுகுக்குப் பின்னால் பட்டைகளால் கட்டுண்டு உட்கார்ந்தார்.

மேலே போனதும் விமானம் மல்லாந்தது. சாயப்பட்டறைப் புகைபோக்கிகள் தலைக்கு மேலே தொங்கின. மடிப்பு நெகிழ்ந்து, பழம் கண்ணாடி மூடியில் போய் உட்கார்ந்தது. அவர் கை நீட்டுவதற்குள் விமானம் நிமிர்ந்தது. பழம் அவர் காலடியில் எங்கோ விழுந்து உருண்டது.

ஜெயசுதா மூக்கைச் சாய்த்துத் தரையை நோக்கிப் பாய்ந்தாள். மேலே தூக்க வேண்டிய இடம் வந்தது. விமானம் தூக்கவில்லை.

காதில் மாட்டிய கருவியில் அவள் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"வண்டிய ஏத்தி எறக்கற குச்சி பின்னால வரமாட்டேங்குதுங்க. எதுவோ அடியில மாட்டியிருக்குது. எதையாச்சும் கொண்டாந்தீங்களா?"

மயில்சாமி இரண்டு கையாலும் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கீழே மொட்டை மாடியில் காயும் பனியன்கள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. புள்ளிகளுக்குக் கை முளைத்தது. இப்போது அளவே சொல்லிவிடலாம்: எண்பத்தைந்து சென்டிமீட்டர்.

"மாமா!"

"எலுமிச்சம்பழம் அம்மிணி! ஒண்ணே ஒண்ணு! சாமி பழம்!"

"குனிஞ்சு எடுக்க முடியுங்களா?"

"பட்டை உடமாட்டேங்குது!"

"அப்ப மல்லாத்தறேன். குச்சி முன்னாலதான் போகுது. மல்லாந்துட்டு முன்னால தள்ளுனா மேல ஏறிக்கலாம். பழமும் கெளம்பி வரும், புடிச்சுருங்க. உட்டீங்கன்னா மறுபடி அங்கயே போயி உக்காந்துக்கும்."

"கையி பட்டைய உடமாட்டேங்குது கண்ணு!"

"பல்லுல புடிங்க!"

விமானம் புரண்டது. உடம்பு ரத்தமெல்லாம் மண்டைக்கு ஏறியது. தென்னை மட்டை ஒன்று வாலை உரசிச் சடசடத்தது. மூக்கு மெல்ல, மிக மெல்ல, வானத்தைப் பார்த்தது. பழம் கிளம்பி அவர் முட்டி, வயிறு, மார்பு என்று ஒவ்வொன்றாய் விசாரித்துக்கொண்டு முகத்துக்கு வந்தது. "முருகா" என்று அலற வாய் திறந்தார். பாதி முருகாதான் வெளியே வந்தது. மீதியைப் பழம் அடைத்துக்கொண்டது.

அதற்கப்புறம் குச்சி சொன்னபடி கேட்டது. சக்கரம் தரையைத் தொடும்வரை அவர் கடியை விடவில்லை. புளிப்பில் கண்ணீர் வழிந்தது.

"ஏனுங் மாமா," ஜெயசுதா திரும்பிப் பார்த்தாள், "இனி இந்த வண்டிக்கு எத்தன பழமுங்க?"

வாய் நிறைந்திருந்ததால் மூன்று விரலைக் காட்டினார்.

அந்த விமானத்தில் இருந்தது ஒரே ஒரு இருக்கை. எழுதிய கை இனி இட்லியைத் தொடாது; கரண்டி இருக்கிறது.