வெயில் காட்டாத கூறை

இராஜரட்ணம் பெட்டிச் சாவியைத் திருகினான். தெங்கேராவில் இருந்த அந்த வீட்டின் முன்கூடத்தில் அவன் மனைவி மனோரஞ்சிதத்தைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். கணவன் இருக்கப் போனவள். கலியாணக் கூறைச் சேலையைத்தான் உடுத்த வேண்டும்.

"கெதியாக் கொண்டு வாங்கோ, தம்பி. லொறி வந்திட்டுது." மாமியார் பராசக்தியின் குரல்.

அறை வாசலில் மாமனார் சிற்றம்பலம் நின்றார். கூடத்துப் பக்கம் திரும்பாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இராஜரட்ணம் அவருடைய சட்டைப் பையைப் பார்த்தான்.

ஒரு மாதமாக அதே பார்வைதான். யுத்தம் தொடங்கியதும் ஆகாயப் படை அதிகாரிகளாக நம்மவர்களையும் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வாத்தியார் வேலையில் இருந்தவன் விண்ணப்பம் போட்டான். விமானம் ஓட்ட வேண்டும். கூட விண்ணப்பித்த தனபாலனுக்குப் பதில் வந்துவிட்டது. இவனுக்கு வரவில்லை. தபால்காரன் கடிதங்களைக் கொடுப்பது வாசலில் சுருட்டோடு உட்கார்ந்திருக்கும் மாமனாரிடம். "நல்ல உத்தியோகத்தை விட்டிட்டு ஆகாசத்தில என்ன கிடக்கு?" என்று கேட்ட அதே மாமனாரிடம். அவர் குளிக்கப் போன ஒருநாள் அந்தப் பையைத் துழாவியும் பார்த்தான். சுருட்டுத்தூள்தான் இருந்தது.

மனோரஞ்சிதம் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "மேலயிருந்து விழுந்தா, ஆர் வந்து எனக்குச் சொல்லுவினம்?" அவன் சிரித்துவிட்டான்.

மூடியைத் தூக்கினான். அந்துருண்டை நெடி. கூறையை எடுத்தபோது மடிப்பிலிருந்து ஒரு நீள உறை வழுக்கி விழுந்தது. அவன் பெயர். ஓரத்தைக் கொண்டையூசியால் ஒழுங்காகக் கிழித்திருந்தது. உள்ளே ஆகாயப் படையின் பதில்: சிங்கப்பூரில் வைத்தியப் பரிசோதனை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி.

இன்று புதன்.

சனிக்கிழமை காய்ச்சல் ஏறியதும் அவள் சொன்னாள், "கூறையை எடுத்து வெயில்ல போடுங்கோ." ஞாயிறும் சொன்னாள், இரண்டு தரம். கூறையைக் கேட்பது சாவைக் கேட்பது என்று வீடே பதறியது. பெட்டியை யாரும் தொடவில்லை. அவனே அவள் வாயைப் பொத்தினான்.

சிற்றம்பலம் கிட்ட வந்து உறையைக் கண்டார்.

"இது அண்டைக்கு வந்த கடுதாசியெல்லே? பிள்ளையிட்டக் குடுத்தனான், தம்பி. உங்களிட்ட அவ தரேல்லையோ?"

கூடத்தில் ஒப்பாரி சற்றுத் தணிந்திருந்தது.

"தந்தவ, மாமா. நான்தான் போகேல்லை."

மாமனார் அவன் முகத்தையே பார்த்தார். நம்பாத பார்வை. அவன் உறையைப் பையில் வைத்துக்கொண்டு கூறையைக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

பெண்கள் உடுத்தி முடித்தார்கள். முழங்காலுக்கு மேலே, பட்டில், நீள் சதுரமாய் ஒரு தடம் அழுந்திக் கிடந்தது. மாமியார் அதை உள்ளங்கையால் நீவினாள். திரும்பவும் நீவினாள்.

வெளியே லொறிக்காரன் பின்கதவை இறக்கினான்.