மெல்லிசுக் கம்பிகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியில் பாதியில் எழுந்து வந்தவர்களில் நானும் ஒருத்தன்.

இருபது வருஷமாக அந்தப் பெரியவரின் கிதாரைக் கேட்டுத்தான் நான் ஷேவ் செய்கிறேன், சண்டை போடுகிறேன், சமாதானமாகிறேன். அவர் வாசிக்கிற ப்ளூஸ் இசை என்றாலே சோகம் என்பார்கள். அவர் ஒரு கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை மேலே ஏற்றும்போது என் சோகமெல்லாம் எழுந்து நின்று கைதட்டும். அப்பேர்ப்பட்ட மனுஷர் அன்றைக்கு இழுத்ததெல்லாம் சுருதி தாண்டிப் போனது. பிறகு பயந்து பயந்து, ஈரத்தரையில் நடக்கிறவர் மாதிரி வாசித்தார். என்னால் தாங்க முடியவில்லை, வந்துவிட்டேன்.

அந்த வெட்கத்தில்தான் இந்தக் கதை.

2

முதல் வரி: 'அவருக்கு வயதாகிவிட்டது, விரல்கள் இனி…'

(அடித்துவிட்டேன். வயசானால் கை போகும் என்று சொல்ல நான் எதற்கு?)

ஆகவே அவருக்கு ஒரு மகளைக் கொடுத்தேன். (நிஜத்தில் இருக்கிறாளா, தெரியாது. இருந்தால் மன்னிக்கட்டும்.) கிதாருக்குக் கம்பி கட்டுவது, சுருதி சேர்ப்பது, கச்சேரிக்கு முன் மேடையில் வாசித்துப் பார்ப்பது எல்லாம் அவள்தான். மேடையேறும்வரை அவர் கிதாரைத் தொடமாட்டார். "நீ கட்டினத நான் என்னத்தப் பாக்கறது?" என்பார்.

அன்றைக்குக் காலையில் அவர் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டியதை அவள் பார்த்துவிட்டாள். ஐயோ அப்பா என்றிருந்தது. அவளே பொத்தானைப் போட்டுவிட்டாள். மத்தியானம் அவரைக் கேட்காமலே தடிமனான கம்பிகளைக் கழற்றிவிட்டு மெல்லிசுக் கம்பிகளைக் கட்டினாள். விரல் நோகாதே!

பொத்தானுக்குத்தான் அந்த விரல்கள் லாயக்கில்லை. கம்பிக்கு அதே பழைய பலம். தடிமனுக்குப் பழகின இழுப்பை மெல்லிசு தாங்குமா? சுரமெல்லாம் எகிறியது. கூட்டம் கலையக் கலைய, மேடையோரம் நின்றவளுக்கு விஷயம் புரிந்தது. கெடுத்தது அவள். அவரோ தன் கை போய்விட்டதென்று நினைத்து, கிதாரையே மூட்டை கட்டிவிட்டால்?

3

முடிவு ஒன்று: கச்சேரி முடிந்து உள்ளறையில் அவர், "கை போயிடுச்சும்மா, இதோட போதும்" என்கிறார். அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள்.

இதை வாசித்துக் காட்டியபோது என் மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தக்கூட இல்லை.

"ஏங்க, நாப்பது வருஷமா வாசிக்கிறவருக்குக் கம்பி மாறினது தெரியாதாக்கும்?"

"அது வந்து…"

"மொத இழுப்புலயே தெரிஞ்சிருக்கும். பக்கத்துல இன்னொரு கிதார் இருந்திருக்குமில்ல? அத ஏன் கேக்கல?"

அடிப்பாவி! ஒரு வாரமாக எழுதியதை ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

4

ஏன் கேட்கவில்லை? ராத்தூக்கம் போனது எனக்கு.

கேட்டிருந்தால், கம்பி கட்டினவள் தப்பு பண்ணிவிட்டாள் என்று மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். அதனால் கேட்கவில்லை. என்னைப் போன்றவர்கள் எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டே, கடைசிப் பாட்டுவரை அதே கம்பிகளோடு மல்லாடினார். (நான் கண்டுபிடித்த காரணம்தான். ஆனாலும் எழுதி முடித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனுஷர் முன்னைவிட இப்போது உயரமாகத் தெரிகிறார்.)

முடிவு இரண்டு: அதே உள்ளறை. கிதாரை அவளிடம் கொடுத்துவிட்டு உட்காருகிறார்.

"இன்னைக்கு எனக்கு நாள் சரியில்லம்மா. இந்தப் பொத்தானக் கொஞ்சம் கழட்டி விடு."

அவள் குனிகிறாள். பொத்தான் அவளுக்கும் பிடிபடவில்லை. அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அப்பா, நான்…"

இந்த வாக்கியத்தை முடிக்கிற யோக்கியதை எனக்கில்லை. நீங்கள் முடியுங்கள். அவள் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம், அவரே முந்திக்கொண்டு ஏதாவது சொல்லலாம். எவ்வளவு நேரமானாலும் சரி, நீங்களாவது பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.