ராணிச் சிப்பாய்க்கு மங்கம்மாவின் பதில்

கிருஷ்ணகிரி சந்தையில் பக்கத்து வீட்டுச் சரசம்மா சொல்லித்தான் மங்கம்மாவுக்கு விஷயம் தெரிந்தது.

"உங்க வூட்டுக்காரரு கிளப்புல சதுரங்கத்துல புதுசா ஒரு ஆட்டம் கண்டுபுடிச்சிருக்காராமே. அங்க ஆட வர்ற பெங்களூர் இஞ்சினியரே கைகுடுத்தாராம்."

கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அந்த ஆட்டம் அவளுடையது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளும் கணவன் கோவிந்தனும் ஆடுவார்கள். அவன் எப்போதும் ராணியின் சிப்பாயைத்தான் முதலில் இரண்டு கட்டம் தள்ளுவான். கிளப்பில் எல்லோருக்கும் அதே வழக்கம். எதிராளியும் தன் ராணிச் சிப்பாயை எதிரே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மற்றதெல்லாம் கோழை ஆட்டம் என்பார்கள். அப்படி ஆடி ஆடித் தோற்ற மங்கம்மாவுக்கு அலுத்துப்போனது. நடுக்கட்டங்களை அவனுக்கே விட்டுக்கொடுத்தாள். ராஜா பக்கத்துப் பிஷப்பை மூலைக்கருகே ஒதுக்கி, ராஜாவுக்குக் கோட்டை கட்டி, அவன் சிப்பாய்கள் பெருமையாக முன்னேறி வரும்வரை காத்திருந்து அடித்தாள். மாங்காய் சீசன் முழுக்க அவன் தோற்றான். பிறகு அதையே கிளப்புக்குக் கொண்டுபோய், பல வருஷமாகத் தோல்வியே காணாத தோப்புக்காரர் சென்னகிருஷ்ணனைத் தோற்கடித்திருக்கிறான்.

சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "இஞ்சினியர் என்ன சொன்னாரு?"

கோவிந்தன் தலை நிமிரவில்லை. "ரஷ்யாக்காரங்க இப்ப இதத்தான் ஆடறாங்களாம். வெளிநாட்டுப் பத்திரிகைல வந்திருக்குது. பேரே இந்தியத் தடுப்பாம்."

"யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேக்கலியா?"

"கேட்டாங்க. எனக்கே தோணுச்சுன்னு சொல்லிட்டன். பொம்பள சொன்னதுன்னா சிரிப்பாங்க, மங்கா."

"சிரிச்சா சிரிக்கட்டும். தோத்தவன்தான சிரிக்கறான்."

அவன் கை கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான். நகையைக் கழற்றித் தரச் சொல்லிக் கேட்டிருந்தால்கூட யோசிக்காமல் கொடுத்திருப்பாள். இது அவள் தலைக்குள்ளிருந்து எடுத்தது.

சென்னகிருஷ்ணன் சும்மா இருக்கவில்லை. அடுத்த மாதமே மாற்று கண்டுபிடித்தார். நடுச் சிப்பாய்களுக்கு முட்டுக்கொடுத்து, தன் ராஜாவை ராணி பக்கம் கோட்டைக்குள் தள்ளிவிட்டு, ராஜா பக்கத்துச் சிப்பாய்களை ஓட்டி வந்து கோவிந்தனின் கோட்டையை உடைத்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து தோற்று வந்தான் கோவிந்தன். பலகையை அவள் முன்னால் வைத்தான்.

"இதுக்கு என்ன பண்றது?"

மங்கம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பதில் தெரிந்துவிட்டது.

"உங்களுக்கே தோணும். இருங்க," என்று முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாவது வாரமும் தோற்றான். மறுநாள் காலையில் சென்னகிருஷ்ணனே வீட்டுக்கு வந்தார். மாங்கன்று பற்றிப் பேச வந்தவர் பேச்சை ஆட்டத்துக்குத் திருப்பினார். "உன் தடுப்பு செத்துப்போச்சு கோவிந்தா."

காப்பி கொண்டுவந்த மங்கம்மா தம்ளரை வைத்துவிட்டுப் பலகையை இழுத்தாள். "சாகலீங்கண்ணா. ஒரு ஆட்டம் ஆடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே வெள்ளைக்காயை எடுத்தார். அதே படையெடுப்பு. மங்கம்மா தன் கோட்டையைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. மறுபக்கம் ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள். குதிரையை வெளியே எடுத்தாள். அடுத்த சிப்பாயை அவர் ராஜா ஒளிந்திருந்த இடத்தை நோக்கி விட்டாள். அவருடைய சிப்பாய்கள் வந்து சேருமுன் அவர் ராஜாவின் மறைப்பு பிய்ந்துபோனது. காப்பி ஆறி ஏடு கட்டியிருந்தது.

"நல்லாத்தான் பழக்கியிருக்க கோவிந்தா," என்றார் சென்னகிருஷ்ணன்.

மங்கம்மா கணவனைப் பார்த்தாள்.

கோவிந்தன் குறுக்கிட்டான். "நான் பழக்கலீங்க. மொதல் ஆட்டத்துலேர்ந்தே அவளோடதுதான். நான் பொய் சொல்லிட்டன்."

சென்னகிருஷ்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி சரி. கிளப்புல இதச் சொல்லிக்க வேணாம். எனக்கும் மரியாதையில்ல, உனக்கும் மரியாதையில்ல."

"என் மரியாதைங்கண்ணா?" என்றாள் மங்கம்மா. அவர் செருப்பை மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கோவிந்தன் கிளப்பில் சொன்னான். சிரித்தார்கள். பெண்டாட்டிக்குப் பயந்து உளறுகிறான் என்றார் காரியதரிசி சென்னப்பன். வீட்டுக்கு வந்த கோவிந்தன் சட்டையைக் கழற்றி எறிந்தான். "உண்மையச் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான்."

"உங்களுக்கு ஒரு நாள்தான ஆச்சு," என்றாள் மங்கம்மா.

அடுத்த வாரம் அவளும் கூடப் போனாள். பெண்கள் உள்ளே வரும் வழக்கமில்லை என்றார் சென்னப்பன்.

"அப்ப என் ஆட்டமும் உள்ள வரக்கூடாது. இனிமே யாரும் ஆடாதீங்க," என்று வாசலிலேயே நின்றாள்.

பெங்களூர் இஞ்சினியர்தான் எழுந்து பலகையை வராந்தாவுக்குத் தூக்கி வந்தார். அவரிடம் மங்கம்மா தோற்றாள். அவள் காணாத ஒரு குதிரை நகர்வை அவர் வைத்திருந்தார். "அம்மா, அடுத்த வாரமும் வாங்க," என்றார் கன்னடம் கலந்த தமிழில்.

திரும்பும் வழியில் அவளுக்குத் தோற்றது உறுத்தவில்லை. உள்ளே நாற்காலிகள் காலியாக இருக்க வராந்தாவில் உட்கார வைத்ததுதான் உறுத்தியது.

"அடுத்த வாரம் உள்ளதான் உக்காருவேன்," என்றாள். கோவிந்தன் சரி என்றான்.