உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். கடைக்கு வருகிறவர்கள் புது ஃபோனை மேசைமேல் வைத்து, "எந்த ஆப் போடலாம்?" என்று கேட்டால் போதும், கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். உள்ளறையில் ரிப்பேர் பார்க்கும் என் அண்ணன், "ஃபோன் அவங்களோடது, ஆசை உன்னோடது" என்பான். அவன் பேசுவதே அபூர்வம். பேசினால் இப்படித்தான் ஊசி ஏற்றுவான்.

சில்லுவின் அம்மா இரண்டு மாதங்களுக்கு முன்பு வந்தாள். மாத்திரைகளைப் பெட்டியில் அடுக்கும் கம்பெனியில் வேலை. உள்ளே நுழையும்போதே ஃபோனை லாக்கரில் பூட்டிவிட வேண்டும், நாலு மணிக்குத்தான் கைக்கு வரும். நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய் மகளைக் கூட்டிக்கொண்டு, நாலரைக்கு என் கடைக்கு எதிரே பஸ் ஏறுவாள். மகளுக்கு ஏழு வயது. முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும், அதனால்தான் சில்லு என்று பெயர்.

"பள்ளிக்கூட குரூப்புக்கு ஒரு ஆப் வேணும்க்கா. அது ஒண்ணு மட்டும் போதும்" என்றாள். "என் பேரு, முகம் எதுவும் வெளிய தெரியக் கூடாது."

சத்தம் சரியாக வருகிறதா என்று சோதிக்க, ஃபோனை அவள் இடது காதருகே கொண்டுபோனேன். அவள் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டாள். "அந்தப் பக்கம் வேணாம்க்கா, கேட்காது. மூணு வருஷமாச்சு."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் மகள் தரையைப் பார்த்தாள். யாரோ அடித்துப் போன காது என்று அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

பள்ளிக்கூட ஆப்பைப் போட்டேன். அதோடு கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். யார் ஃபோனாவது வெறுமையாக இருந்தால் எனக்குப் பொறுக்காது.

"இவ்வளவு நல்ல ஃபோனை வாங்கி காலியா வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? படம் பார்க்கிற ஆப் ஒண்ணு போடறேன். கவுன் தைக்கிறது, கேக் சுடறது எல்லாம் வரும். சில்லுவும் பார்ப்பா."

"வேணாம்க்கா. யாராவது கண்டுபிடிச்சுட்டா?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

அதில் கணக்கு திறக்கப் படமும் பெயரும் கேட்டது. முகம் போடவில்லை, சில்லு வரைந்த நீலப் பூனையைப் போட்டேன். பெயர் போடவில்லை, சில்லு என்றே வைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். கடைசியாக, வழக்கம்போல என் கடை நம்பரை 'கடை அக்கா' என்று முதல் ஆளாகப் பதிந்தேன். யார் ஃபோன் வாங்கினாலும் இதைச் செய்துவிடுவேன். நாளைக்கு ஒரு கோளாறு என்றால் வேறு கடைக்குப் போய்விடக் கூடாதே.

போன செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு அந்த மனிதர் வந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, மெதுவான குரல். புது ஃபோனைக் குழந்தையைக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டினார்.

"தங்கச்சி, எத்தனை ஆப் இருக்கோ அத்தனையும் போட்டுடும்மா."

"ஒண்ணு ரெண்டு போதும் சார். தலை சுத்திடும்."

"இல்லம்மா. யார் எதுல இருக்காங்கன்னு நமக்குத் தெரியாதே."

இப்படி ஓர் ஆள் கிடைத்தால் எனக்குக் கை பரபரக்கும். ஆறு ஆப் இறக்கினேன். என் நம்பரைப் பதிந்தேன். ஃபோனில் இருக்கும் நம்பர்களைப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று ஒவ்வொன்றும் கேட்டபோது, "எல்லாத்துக்கும் சரி போடு" என்றார். படம் வேண்டும் என்றேன். மஞ்சள் சுவரில் தொங்கும் ஃபோன் கவர்களுக்கு முன்னால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பார்த்தா பயம் வராத மாதிரி எடும்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எடுத்தேன். கட்டைவிரலால் மேலே தள்ளிக்கொண்டே இருந்தால் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டே தடவையில் கற்றுக்கொண்டார்.

"யாரைத் தேடறீங்க சார்?" என் வாய் சும்மா இருக்குமா.

"என் வீட்டுக்காரியை. சின்னச் சண்டைம்மா. பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. இந்த பஸ் ஸ்டாப்ல பார்த்ததா ஒருத்தர் சொன்னார்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பாவமாக இருந்தது. "அவளால தனியா சமாளிக்க முடியாதும்மா. ஒரு காது கேட்காது. பிறவியிலேயே."

என் விரல் நின்றுவிட்டது.

மூணு வருஷமாச்சு என்று அவள் சொன்னது என் காதில் இருந்தது. இரண்டில் ஒன்று பொய். தரையைப் பார்த்த குழந்தையை நினைத்தேன். எது பொய் என்று அதற்குமேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"பொண்ணை சில்லுன்னு கூப்பிடுவோம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே, என் கையிலிருந்த திரையில் படம் பார்க்கும் ஆப் ஒரு பட்டியலை விரித்தது. 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று தலைப்பு. முதலில் தெருமுனைப் பூட்டுக்கடைக்காரர். அடுத்து முடிவெட்டும் கடை அக்கா. அதற்கும் அடுத்து அந்த முடிவெட்டும் அக்காவின் மாமியார், கறுப்புக் கண்ணாடியோடு. எல்லாரும் என் வாடிக்கையாளர்கள். எல்லார் ஃபோனிலும் என் நம்பர் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆப் ஒருவரை ஒருவருக்குக் காட்டிக்கொடுக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. நாலாவதாக ஒரு நீலப் பூனை இருந்தது.

அவர் மேசைமேல் சாய்ந்து எட்டிப் பார்க்க வந்தார். நான் பக்கவாட்டுப் பட்டனை அழுத்தித் திரையை அணைத்தேன்.

"ஹேங் ஆயிடுச்சு சார். ஒரு நிமிஷம், உள்ள காட்டிட்டு வரேன்."

உள்ளறையில் அண்ணன் கண்ணில் லென்ஸோடு குனிந்திருந்தான். கதவைச் சாத்திக்கொண்டு, நாலு வரியில் விஷயத்தைச் சொன்னேன். "இதை அரை மணி நேரம் இழுத்தடி" என்றேன்.

"நல்லா இருக்கிற ஃபோனை நான் என்ன பண்றது?"

"கெடுத்துட்டு சரி பண்ணு."

முதலில் அவர் ஃபோனிலிருந்து என் நம்பரை அழித்தேன். நம்பர் பார்க்கும் அனுமதியை எடுத்தேன். பட்டியலிலிருந்து பூனையைத் தள்ளிவிட்டேன். அவளை பிளாக் செய்து தடுத்துவிடலாம் என்றால், தடுத்தவர்கள் பட்டியல் என்று ஒன்று வந்து அதில் சில்லு என்ற பெயர் கல்வெட்டு மாதிரி நிற்கும். தள்ளிவிட்ட ஆளை இந்த ஆப்புகள் மறுபடி கொண்டுவந்து நிறுத்தாது என்று எந்த நிச்சயமும் இல்லை. எத்தனை பேருக்கு இதைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அது எப்படி வேலை செய்கிறது என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை.

மூணு ஐம்பதுக்கு அவளைக் கூப்பிட்டேன். லாக்கருக்குள் அடித்து ஓய்ந்தது. நாலு மணிக்குக் கூப்பிட்டேன், அடித்தது, எடுக்கவில்லை. நாலு ஐந்துக்கு மறுபடி கூப்பிட்டபோது இரண்டாவது மணியிலேயே துண்டித்தாள். இன்னொரு தடவை கூப்பிட்டேன். அதையும் துண்டித்தாள். பஸ் ஸ்டாப்புக்கு வராதே என்று தட்டி அனுப்பினேன். அவள் அதைப் படித்ததாகவே ஃபோன் காட்டவில்லை.

நாலேகால் வரை இழுத்தடித்தோம். அதற்குமேல் அவர் எழுந்துவந்து கதவைத் தட்டினார். அண்ணன் ஃபோனை நீட்ட, நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். வீட்டுக்குப் போகவில்லை. சாலையைக் கடந்து பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

நாலரை ஆயிற்று. நான் வாசலில் நின்று, மூலையில் தெரியும் ஒவ்வொரு பள்ளிச் சீருடையையும் பார்த்தேன். ஒவ்வொன்றும் சில்லு மாதிரியே இருந்தது. அவர்கள் தென்பட்டால் ஓடிப்போய் இழுத்துக்கொள்வதா, சத்தம் போடுவதா, எதுவும் தோன்றவில்லை. பஸ் வந்தது, போனது. அவளும் வரவில்லை, அவரும் ஏறவில்லை. கட்டைவிரல் திரையை மேலே தள்ளிக்கொண்டே இருந்தது.

நாலு நாற்பதுக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, அவர் இன்னும் அங்கதான் இருக்காரா?"

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"நாலு மணிக்கு லாக்கரைத் திறந்தேன். உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்னு அவர் முகம் வந்து நின்னுச்சு. பின்னாடி உங்க மஞ்சள் சுவரு, தொங்கற கவரு எல்லாம். நீங்கதான் அவருக்குச் சொல்லிட்டீங்கன்னு நினைச்சுதான் கட் பண்ணேன். இப்போ பள்ளிக்கூட ஆபீஸ்ல இருந்து பேசறேன். டீச்சர்தான் எதுக்கும் கேட்டுப் பாருன்னாங்க. அந்தப் படம் நீங்க எடுத்ததா?"

"ஆமாம்மா. யாருன்னு தெரியாம எடுத்துட்டேன். சத்தியமா தெரியாது."

அந்த ஆப் காட்டிக்கொடுத்ததும் உண்மை, அவளை எச்சரித்ததும் அதுதான் என்பதும் உண்மை. இரண்டிலும் என் கை இருந்தது.

"உன் ஃபோன் கையில இருக்கா? நான் சொல்லச் சொல்ல செய்" என்றேன். வாசலை விட்டு நகராமல், பெஞ்சைப் பார்த்தபடியே வழி சொன்னேன். மூன்று கோடு இருக்கும், தொடு. கீழே போ. கணக்கு என்று இருக்கும். இன்னும் கீழே.

"நிஜமாவே அழிக்கவான்னு கேட்குதுக்கா."

"அழி."

"பூனையும் போயிடுமான்னு சில்லு அழறா."

"வேற பூனை வரைஞ்சுக்கலாம்னு சொல்லு. சீக்கிரம் அழுத்து."

"போயிடுச்சு" என்றாள். அதே நேரத்தில் பெஞ்சில் இருந்தவரின் கட்டைவிரல் நின்றது. ஃபோனை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். எழுந்தார். வண்டிகளைப் பார்க்காமலே சாலையைக் கடந்து என்னிடம் வந்தார். ஃபோனைக் காதிலிருந்து எடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"தங்கச்சி, இதைப் பாரேன். இப்பத்தான் வந்துச்சு. சில்லுன்னு போட்டிருக்கு, ஒரு பூனை. தொட்டா இந்தக் கணக்கு இல்லைங்குது." அவர் குரல் இப்போதும் மெதுவாகத்தான் இருந்தது. கை மட்டும் ஃபோனை உடைத்துவிடுவதுபோல் பிடித்திருந்தது. "என் பொண்ணு இப்படித்தான் வரைவா. இதை மறுபடி வரவைக்க ஏதாவது ஆப் இருக்கா?"

நான் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"தெரியாது சார்" என்றேன். ஆப் கேட்டு வந்த ஒருவரிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"உனக்குத் தெரியாததா? யாரு லைன்ல?"

"கஸ்டமர்."

அண்ணன் உள்ளறையிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றான். "கடை மூடறோம், கிளம்புங்க" என்று ஷட்டர் கம்பியைக் கையில் எடுத்தான். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மறுபடி பெஞ்சுக்குப் போனார்.

"கேட்டியா?" என்றேன் ஃபோனில்.

"கேட்டேன்க்கா. அந்தக் குரலை எங்க கேட்டாலும் தெரியும்." பக்கத்தில் யாரோ சாவியைத் தேடும் சத்தம் வந்தது. "டீச்சர் அவங்க வண்டியில பின் கேட் வழியா கூட்டிட்டுப் போறாங்க. இந்த வேலை, பள்ளிக்கூடம், நம்பர் எல்லாத்தையும் விட்டாகணும். இப்பத்தான் சில்லுக்கு இங்க ஒரு ஃபிரெண்டு கிடைச்சா."

"என்னை மன்னிச்சுடும்மா."

"ஒண்ணு மட்டும் போதும்னு அன்னிக்கே சொன்னேன்லக்கா."

அவள் திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். குரலில் கோபம் இல்லை. லைன் போய்விட்டது. எதிரே, நான் சொல்லிக்கொடுத்தபடியே, அவர் கட்டைவிரலால் மேலே தள்ளிக்கொண்டே இருந்தார்.