விமானத்தின் மேல்பக்கம்

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் பிறந்தது. உள்ளத்தின் ஆழத்தில் பிறந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் உண்மை என்னவென்றால், ரூட் கெனால் செய்துகொள்ள நான்கு தடவை வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து கிடந்தேன். அந்த நிலையில் மனிதனுக்கு இருக்கும் ஒரே வேலை மேலே பார்ப்பது. பல் டாக்டரின் நாற்காலிக்கு நேர் மேலே, தூண்டில் நரம்பில், ஒரு போர் விமானம் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் வரியை இப்படி எழுதினேன்: "வானத்தை வென்றவரின் விரல்களில் இன்று ஒரு—"

வேண்டாம். டாக்டர் எந்த வானத்தையும் வெல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்காவிட்டாலே அவருக்குத் தலை சுற்றும் என்று அவருடைய அக்கா சொன்னார்.

2

விமானம் முழங்கை நீளம் இருக்கும். பிளாஸ்டிக் பாகங்களை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டரே ஒட்டிச் செய்தது. சக்கரங்களை இறக்கிவிட்டு, நேராக என் வாய்க்குள் வந்து தரையிறங்கப் போவது போல நின்றது. அடிவயிற்றில் ஒவ்வொரு ஆணித்தலையும் தெரிந்தது. சக்கரம் மடங்கும் குழிக்குள் நூல் பருமனுக்குக் குழாய்கள் ஓடின. எஞ்சின் பக்கமிருந்து பின்னால் வழிந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தால் துணியை எடுத்துத் துடைக்கத் தோன்றும்.

"அது அழுக்கு இல்ல சார், பெயின்ட். அந்தக் கறைக்கே மூணு ஞாயித்துக்கிழமை ஆச்சு. எப்படி இருக்கு?"

"ஆஆ" என்றேன்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்."

(வாய் நிறையப் பஞ்சை அடைத்த பிறகுதான் பல் டாக்டர்கள் கேள்வி கேட்கிறார்கள். எதிர்ப்பேச்சே வராத அப்படியொரு இடம் எழுத்தாளனுக்குக் கிடைத்தால் அவனும் விடமாட்டான்.)

3

இரண்டாம் தடவை சீக்கிரமே போய்விட்டேன். டாக்டர் இன்னும் வரவில்லை. வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஏணியில் நின்று தூசி தட்டிக்கொண்டிருந்தார். (நோயாளிகள் எல்லோருக்கும் அவர் அக்கா. டாக்டருக்கு மட்டும் கூடப்பிறந்த அக்கா.)

"ஒரு நிமிஷம் இதைப் பிடிங்க, நரம்பை மாத்தணும்" என்று விமானத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

வாங்கிப் பார்த்தேன். மேல்பக்கம் மொட்டை. வெறும் சாம்பல் நிற பிளாஸ்டிக். ஒட்டின இடத்தில் பசை கட்டி கட்டியாக நின்றது. விமானி உட்கார வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை மட்டும். கண்ணாடி மூடியும் இல்லை.

"என்னக்கா இது?"

"படுத்துக்கிட்டு பாக்குறவங்களுக்கு மேல்பக்கம் எதுக்குன்னு கேக்குறான். பத்து வருஷமா நானும் சொல்லிப் பாத்துட்டேன், முடிடான்னு. மேல இருந்து யாரு பாக்கப் போறாங்க அக்காங்கிறான்." ஏணியிலிருந்து குனிந்தார். "டாக்டர்கிட்ட நான் காட்டினேன்னு சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. எழுதினேன். இரண்டும் ஒன்றல்ல என்று அப்போது நம்பினேன்.

4

விமானத்தை மேலேயிருந்து பார்க்கிற ஒரு ஆள் கதைக்குத் தேவைப்பட்டது. உண்மையில் அப்படி யாரும் வரவில்லை. அதனால் நானே உண்டாக்கினேன்: ஓய்வுபெற்ற போர் விமானி, பெண், ஊசி என்றால் நடுக்கம்.

"அவருடைய கண்களில் மேகங்கள்—"

[கண்ணில் மேகம் தெரிந்தால் கண் டாக்டரிடம் போகவேண்டும். அடித்துவிட்டேன்.]

வீங்கிய கன்னத்தோடு அவர் நாற்காலியில் சாய்கிறார். மேலே பார்க்கிறார். துள்ளி எழுகிறார்.

"டாக்டர், இது நான் ஓட்டின விமானம். பதினோரு வருஷம். கீழ இறக்குங்க, ஒரு தடவை மேல இருந்து பாத்துக்கறேன். அப்புறம் பல்லை என்ன வேணா பண்ணுங்க."

கதையில் வரும் டாக்டருக்கு முகம் வெளிறுகிறது. "முடிச்சு இறுகிப்போச்சும்மா. சனிக்கிழமை வாங்க" என்று சமாளிக்கிறார். விமானி மாத்திரைகூட வாங்காமல் போகிறார்.

இதுவரை எழுதியது எனக்கே பிடித்திருந்தது. அதுதான் வினை.

5

மூன்றாம் தடவை, எழுதிய பக்கங்களைப் படித்துப் பார்க்கச் சொல்லி அக்காவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். டாக்டர் ஊசி போட்டு, தாடை மரக்கட்டும் என்று வெளியே நடந்தார். திரும்பி வரும்போது அவர் கையில் என் பக்கங்கள்.

நின்றபடியே படித்தார். காது மடல் சிவந்தது. மற்றொரு கையில் டிரில் இருந்தது. விமர்சனத்துக்கு நான் பயப்படுகிறவன் இல்லை. ஆனால் அன்று பயந்தேன், நன்றாகவே பயந்தேன். அவரைப் பார்த்து ஊர் சிரிக்கும்படி எழுதிவிட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வாய் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

கடைசியில் கேட்டார்: "எந்தப் பல்லு?"

"ஆ?"

"அந்தம்மாவுக்கு. எந்தப் பல்லுன்னு எழுதவே இல்ல. ரெண்டாம் பக்கத்துல இடது கன்னம் வீங்கியிருக்கு, நாலாம் பக்கத்துல வலது. என் விமானத்தை மட்டும் சொல்றீங்க, உங்க ஆளுக்கு நீங்க மேல்பக்கம் பெயின்ட் அடிச்சீங்களாக்கும்?"

தாடையைத் தொட்டுக் காட்டினேன். மரத்துப்போன தாடை ஒரு சாக்கு.

டாக்டர் பக்கங்களை மடித்து, கருவித் தட்டின் ஓரத்தில் வைத்தார். குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு சார். சனிக்கிழமை வர்றாங்கன்னு போட்டிருக்கீங்க. எனக்கு ஒரு வாரம் பத்தாது. அடுத்த மாசம்னு மாத்திடுங்களேன்."

6

மாற்றினேன். ஆகவே போன விமானி திரும்பி வந்து, என் கதையின் வரவேற்பறையில் ஒரு மாதமாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டாக்டரிடமிருந்து போன் மேல் போன்.

"சார், அவங்க சீட் என்ன கலர்?"

"தெரியலயே டாக்டர்."

"உங்க ஆளுதானே? கேட்டுச் சொல்லுங்க."

இன்னொரு நாள்: "பசை ஆவி பட்டு கண்ணாடி மூடி பனி மூட்டமாயிடுச்சு. வேற வாங்கணும். இன்னும் பத்து நாள் இழுத்துப் பிடிங்க."

அடுத்து அக்கா கூப்பிட்டுச் சண்டை பிடித்தார். "பாவம், பல் வலியோட எத்தனை நாள் உக்கார வைப்பீங்க? நெஞ்சுல ஈரமே கிடையாதா?" அதனால் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: அக்கா விமானிக்கு ஒரு மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தார்.

இடையில் மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன். மொட்டையைப் பார்த்து விமானி விழுந்து விழுந்து சிரிக்கிறார், டாக்டர் சம்மதிக்கவில்லை. ஊசிக்குப் பயந்து ஓடிப்போகிறார், அக்கா சம்மதிக்கவில்லை, பல் சீழ் வைத்துவிடுமாம். மூன்றாவது, எல்லாம் கனவு. அதற்கு யாரும் பதிலே சொல்லவில்லை.

7

நான்காம் தடவை போனபோது நாற்காலிக்கு மேலே வெறும் கொக்கி. விமானம் மேசையில், மேல்பக்கம் தெரிய, பஞ்சு விரிப்பின் மேல் நின்றது.

ஒட்டிய இடம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இறக்கைகளில் வெயில் பட்டு வெளுத்த மாதிரி பச்சை. ஏறி இறங்கிக் கால் தேய்ந்த இடத்தில் மட்டும் பெயின்ட் உரிந்து, அடியிலுள்ள உலோகம் தெரிவதாகப் போட்டிருந்தார். கண்ணாடி மூடி பளிச்சென்று இருந்தது. உள்ளே பழுப்பு நிற சீட், நகக்கண் அளவுக்கு இடுப்பு வார், அதற்கு ஒரு கொக்கி. சீட்டில் யாரும் இல்லை.

"விமானி பொம்மை வைக்கலையா டாக்டர்?"

"அவங்க ஓட்டினதுதானே சார் இது. வேற ஒருத்தரை எப்படி உக்கார வைக்கிறது?"

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் எழுதியதை இந்த அளவுக்கு யாரும் நம்பியதில்லை, நான் உட்பட.

"பத்து வருஷமா நான் சொன்னேன், காதுல போட்டுக்கல" என்றார் அக்கா வாசலில் நின்று. "இல்லாத ஒருத்தங்க சொன்னதும் முடிச்சுட்டான்."

டாக்டர் அக்காவை முறைத்துவிட்டு எனக்கு ஊசி போட்டார். அரை மணி நேரத்தில் என் பல் முடிந்தது. பாதி முகம் மரத்து, நோட்டோடு சுவர் ஓர பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன்.

"அவங்கள வரச் சொல்லுங்க சார்" என்றார் டாக்டர். தலையை ஒரு தடவை வாரிக்கொண்டார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். வேறு சாக்குச் சொல்ல எங்கள் இருவரிடமும் எதுவும் மிச்சமில்லை.

எழுதினேன்: அக்கா கதவைத் திறந்து "அடுத்தது" என்று கூப்பிட்டார். விமானி உள்ளே வந்தார். இடது கீழ்வரிசை, கடைசிக்கு முந்தின பல். (ஒரு வழியாக முடிவு செய்துவிட்டேன்.) விமானத்தை இரண்டு கையாலும் எடுத்து, காலியான சீட்டைப் பார்த்து, அவர்

இங்கே என் பேனா நிற்கிறது. நான் ஒரு நாளும் விமானம் ஓட்டியதில்லை. பதினோரு வருஷம் உட்கார்ந்த சீட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும்போது ஒருவர் என்ன சொல்வார்? எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் என் தாடை இப்போது அசையாது.

டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். விமானம் இப்போது இதைப் படிக்கிற உங்கள் கையில்தான் இருக்கிறது. பார்த்துவிட்டு, அவரிடம் ஏதாவது சொல்லுங்கள்.